ஃபைல் யார் பேரில் இருக்கிறது?

"ஏனுங்க, கூகுள் வாங்கறதா, மைக்ரோசாஃப்ட் வாங்கறதா? எதுல ஜிபி ஜாஸ்தி குடுக்கறாங்க?"

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள் கிளவுட் பற்றி விசாரித்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். ஜோஹோ நம்ம ஊர்க் கம்பெனியாச்சே, அது எப்படி என்று அடுத்த கேள்வி வரும். டிராப்பாக்ஸ் பேரை டிசைன் செக்‌ஷனில் யாராவது எடுப்பார்கள். நாலும் நல்ல சரக்குதான். ஜிபியையும் ரேட்டையும் எழுதி வைத்து ஒப்பிட்டால் மட்டும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவே தெரியாது. டீ சொல்லியாச்சு, வருவதற்குள் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேச்சுக்கு ஒரு நடுத்தரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தையல், கட்டிங், அயர்னிங் எல்லாம் கீழே. மாடி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் 12 பேர். மெர்ச்சண்டைசர் நாலு பேர், டிசைனில் ரெண்டு பேர், கணக்கில் மூன்று பேர், டெஸ்பாட்சில் ஒருவர், ஹெச்ஆரில் ஒருவர், அப்புறம் முதலாளி. பையர் அனுப்பும் டெக் பேக், காஸ்டிங் ஷீட், கோரல் டிரா டிசைன், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், டேலி பேக்கப், தொழிலாளர்களின் ஆதார் நகல் என்று எல்லாம் இந்தப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடக்கும். மீதி வாட்ஸ்அப்பில். உண்மையைச் சொன்னால் நம் ஊரில் இந்த நாலு சேவைக்கும் பெரிய போட்டியாளர் வாட்ஸ்அப்தான்.

இட அளவை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய சமாச்சாரம் இல்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸின் ஆரம்பத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி, அடுத்ததில் 2 டிபி. அது பொதுக் கணக்கில் சேரும். அதாவது 12 பேர் என்றால் 360 ஜிபி மொத்தமாக இருக்கும், டிசைனர் அதிகம் எடுத்துக்கொண்டு டெஸ்பாட்ச்காரர் குறைவாக எடுத்துக்கொள்ளலாம். மெயிலும் அதே கணக்கில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365-இன் வணிகத் திட்டங்களில் ஒன்டிரைவ் ஆளுக்கு 1 டிபி. அது அவரவருக்குத் தனி, ஒருவர் மிச்சம் வைத்ததை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. கம்பெனிக்குப் பொதுவான இடம் ஷேர்பாயிண்ட்டில் வரும்: அடிப்படை 1 டிபி, அதோடு ஆளுக்கு 10 ஜிபி. ஜோஹோ வொர்க்டிரைவ் டீமுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருகிறது. எழுத்தும் எண்ணுமாக வேலை பார்க்கும் ஆபீஸுக்கு இவற்றில் எதுவும் சீக்கிரம் நிரம்பாது. போட்டோவும் வீடியோவும் வைத்திருப்பவர்களுக்குத்தான் தட்டுப்பாடு வரும்.

"அன்லிமிடெட்" என்று யாராவது விற்க வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். மைக்ரோசாஃப்ட் அந்த வாக்கை 2015-இல் வாபஸ் வாங்கியது, ஒரே ஆள் 75 டிபி வரை ஏற்றிவிட்டார் என்று காரணம் சொன்னது. டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது, வாங்கியவர்களில் சிலர் கிரிப்டோ மைனிங்குக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள் என்றது. கூகுளும் ஏறக்குறைய அதே சமயத்தில் கதவைச் சாத்திவிட்டது. நம்பி ஏற்றி வைத்தவர்கள்தான் ராத்திரியோடு ராத்திரியாக இடம் தேட வேண்டியதாயிற்று.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகிறார். மூன்று சீசன் காஸ்டிங் ஷீட் அவர் கையில் இருந்தது. அவர் போன அடுத்த வாரம் பையர் கேட்கிறார், போன வருஷம் அதே ஸ்டைலுக்கு என்ன ரேட் கொடுத்தீர்கள் என்று. அந்த ஷீட் எங்கே?

அவர் தன் சொந்த ஜிமெயிலில் டிரைவ் திறந்து ஆபீஸுக்கு ஷேர் செய்திருந்தால், கதை முடிந்தது. ஃபைல் அவருடையது. அவர் ஷேரை எடுத்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது, அழித்துவிட்டால் கூகுளிடம் முறையிட உங்களுக்கு உரிமையும் இல்லை. அவர் அந்தக் கணக்கை மறந்தே போனாலும் ஆபத்துதான், இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கி வருகிறது. உழுவது நாமாக இருந்தாலும் பட்டா இன்னொருவர் பேரில் இருந்தால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணம் கட்டி வணிகக் கணக்கு வாங்குவதற்கு முதல் காரணமே இதுதான். இடம் கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் அப்புறம்.

பணம் கட்டிய பிறகும் இது முழுசாகத் தீராது. கூகுளில் "மை டிரைவ்" என்பது அந்த ஊழியரின் பேரில் இருப்பது, "ஷேர்டு டிரைவ்" கம்பெனியின் பேரில் இருப்பது. ஊழியரின் கணக்கை அட்மின் நீக்கும்போது ஃபைலை வேறொருவருக்கு மாற்றவா என்று திரை கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், கணக்கை மீட்க 20 நாள் அவகாசம். அதற்குள் ஞாபகம் வர வேண்டும். மைக்ரோசாஃப்ட்டில் நீக்கிய ஊழியரின் ஒன்டிரைவ், நீங்கள் எதையும் மாற்றி வைக்காவிட்டால், 30 நாள் இருக்கும். ஜோஹோவில் டீம் ஃபோல்டரில் போட்டது கம்பெனிக்கு, மை ஃபோல்டரில் போட்டது ஆளுக்கு. டிராப்பாக்ஸிலும் டீம் ஃபோல்டர் என்றே பேர்.

மைக்ரோசாஃப்ட்டில் பலரும் கவனிக்காத ஒரு நெளிவு உண்டு. டீம்ஸில் ஒரு சேனலில் ஃபைலைப் போட்டால் அது ஷேர்பாயிண்ட்டுக்குப் போகும், கம்பெனிச் சொத்து. அதே ஃபைலை ஒருவருக்குத் தனியாக சாட்டில் அனுப்பினால் அது அனுப்பியவரின் ஒன்டிரைவில் உட்காரும். பார்க்க ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அனுப்பியவர் ராஜினாமா செய்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் "பையர் ஃபைல் எல்லாம் சேனலில்தான்" என்று ஒரு ஏ4 தாளில் எழுதி சுவரில் ஒட்டியிருந்தார்கள். எந்த சாஃப்ட்வேர் அமைப்பையும்விட அந்தத் தாள் நன்றாக வேலை செய்தது.

அடுத்தது அழிந்துபோன ஃபைல். இங்கேதான் "கிளவுட்டில் இருக்கு, பேக்கப் இருக்கு" என்ற நம்பிக்கை காலை வாரும். இந்தச் சேவைகள் செய்வது சிங்க். உங்கள் கம்ப்யூட்டரில் நடப்பதை அப்படியே மேலே செய்வது. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும், மற்ற 11 கம்ப்யூட்டர்களிலும் அழியும். ரான்சம்வேர் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்கள் சுத்தமாக, ஒன்று விடாமல் மேலே ஏறும்.

ஆகவே எத்தனை நாள் வரை திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். கூகுளில் குப்பைத்தொட்டியில் 30 நாள், அதன்பின் அட்மின் மட்டும் எடுக்கக்கூடிய 25 நாள். ஒன்டிரைவிலும் ஷேர்பாயிண்ட்டிலும் 93 நாள். டிராப்பாக்ஸின் வணிகத் திட்டங்களில் 180 நாளிலிருந்து தொடங்கும். நம் தொழிலுக்கு இந்த எண்கள் சும்மா இல்லை. ஆர்டர் எடுத்து, சாம்பிள் அனுப்பி, சரக்கு ஏற்றி, பணம் வர நாலைந்து மாதம் ஆகிவிடும். சாம்பிள் சமயத்தில் தவறி அழிந்த ஒன்று பணம் வரும் சமயத்தில்தான் தேடப்படும். 55 நாள் என்பது அதற்குள் கரைந்துபோகும்.

அழிப்பதைவிட மோசம், மேலே எழுதிவிடுவது. காஸ்டிங் ஷீட்டில் ஒருவர் நூல் ரேட்டை மாற்றி சேவ் செய்துவிட்டார், பழையது வேண்டும். ஒன்டிரைவில் வழக்கமான அமைப்பில் ஒரு ஃபைலுக்கு 500 பதிப்புகள் வரை நிற்கும். கூகுள் டிரைவில் எக்ஸெல், பிடிஎஃப், கோரல் போன்ற வெளி ஃபைல்களுக்கு 30 நாள் அல்லது 100 பதிப்பு, எது முந்துகிறதோ அதுவரை. "கீப் ஃபார்எவர்" என்று குறித்து வைத்த பதிப்பு மட்டும் தப்பிக்கும். கூகுள் ஷீட்ஸிலேயே உருவாக்கிய ஷீட்டுக்கு இந்தக் கணக்கு வேறு, பழைய மாற்றங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். ரான்சம்வேர் வந்தால் ஒன்டிரைவை கடந்த 30 நாளில் ஏதாவது ஒரு நேரத்துக்கு மொத்தமாகத் திருப்பி வைக்கலாம். டிராப்பாக்ஸிலும் அப்படி ஒரு வசதி உண்டு, ரீவைண்ட் என்பார்கள்.

டேலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டேலி டேட்டா ஃபோல்டரை சிங்க் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். டேலி ஒரே சமயத்தில் பல ஃபைல்களில் எழுதும். அதில் பாதி ஏறியும் பாதி ஏறாமலும் இருக்கும்போது இன்னொரு கம்ப்யூட்டர் அதைத் திறந்தால் டேட்டா சிதையும். சாயங்காலம் கணக்கை மூடிவிட்டு, டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த ஒரு பேக்கப்பை மட்டும் ஃபோல்டரில் போடுவதுதான் முறை.

சரி, இந்த நாளெல்லாம் தாண்டிப் போனால்? அல்லது சேவைக்காரரிடமே விபத்து நடந்தால்? நடக்காது என்று சொல்வதற்கில்லை. தென் கொரியாவின் டேஜியோன் நகரில் அரசாங்கத்தின் டேட்டா சென்டர் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் பேட்டரியில் பிடித்த தீயில் எரிந்தது. அரசு அலுவலர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த "ஜி-டிரைவ்" அதில் போனது, 858 டிபி. ஆளுக்கு 30 ஜிபி ஒதுக்கி, கம்ப்யூட்டரில் வைக்காதே, இதில்தான் வை என்று சொல்லிப் பழக்கியிருந்தார்கள். அளவு பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுட்டில் அதன் அமைப்பே நீங்கிப்போனது. காரணம் பின்னால் தெரியவந்தது: அமைக்கும்போது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், கருவி அதை ஒரு வருஷ ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு, வருஷம் முடிந்ததும் தானே நீக்கிவிட்டது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் டேட்டா திரும்பி வந்தது, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகலும் அதற்குக் கைகொடுத்தது.

ஆகவே இரண்டாவது நகல் ஒன்று வேண்டும், அது முதல் சேவைக்காரரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சின்ன ஆபீஸுக்கு எளிய வழி, வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, வேறு கட்டடத்தில் வைப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் சர்வரும் அதன் பேக்கப் டிஸ்கும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நனைந்தன.

நகல் எடுக்கும்போது ஒரு பொறி. கூகுள் டிரைவ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால், கூகுள் டாக்ஸ், ஷீட்ஸில் உருவாக்கியவை வெறும் சின்னச் சின்ன ஃபைல்களாக வரும். திறந்து பார்த்தால் உள்ளே ஷீட் இருக்காது, இணையத்தில் அந்த ஷீட் இருக்கும் முகவரிதான் இருக்கும். இன்டர்நெட் இருக்கிற வரைக்கும் சொடுக்கினால் திறக்கும், ஆகவே யாருக்கும் சந்தேகமும் வராது. அவற்றை எக்ஸெல்லாக மாற்றி இறக்க கூகுளின் எக்ஸ்போர்ட் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஜோஹோ ஷீட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டில் ஃபைல் எக்ஸெல்லாகவே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை, அதை அதன் பெரிய பலம் என்றே சொல்வேன்.

ஹார்ட் டிஸ்க் வேண்டாம், அதையும் இணையத்திலேயே வைக்கிறேன் என்றால் அமேசான் எஸ்3 வகையறா இருக்கிறது. 2006-இல் வந்தது, 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் அதன் டேட்டா சென்டர்கள் உண்டு. இது ஊழியர்கள் தினமும் திறந்து வேலை செய்யும் இடம் இல்லை, கிடங்கு. இத்தனை நாளைக்கு யாரும், அட்மின்கூட, அழிக்க முடியாது என்று பூட்டி வைக்கும் வசதி அதில் இருக்கிறது. விளம்பரத்தில் 99-க்குப் பின்னால் ஒன்பது ஒன்பதாகப் போட்டு, ஒரு கோடிப் பொருள் வைத்தால் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒன்று தொலையலாம் என்பார்கள். அது அவர்கள் கையில் தொலைவதற்கான கணக்கு. நீங்கள் அழித்தால் அந்தக் கணக்கில் வராது. இன்னொன்று, உள்ளே போடக் கூலி கிடையாது, வெளியே எடுக்கக் கூலி உண்டு. மாதம் 100 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு இவ்வளவு. மொத்தமாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கு மட்டும் 2024 முதல் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே அந்தக் கூலியைத் தள்ளுபடி செய்கின்றன.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருந்தால் அவற்றின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் தினமும் என்று மாற்றினார்கள். எட்டு நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப்புக்கும் தனி உரிமையாளருக்கும் இந்தக் கம்பெனி விதி பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி விடாது, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். குப்பைத்தொட்டியின் 93 நாள் இதற்கெல்லாம் எந்த மூலை?

டேட்டா இந்தியாவில் இருக்கிறதா என்பதில் ஜோஹோவுக்குப் பதில் சுலபம். இந்தியக் கணக்கென்றால் சென்னை, மும்பை டேட்டா சென்டர்களில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டுக்கும் 2015 முதல் புனே, சென்னை, மும்பையில் இடம் உண்டு, இந்திய முகவரியில் தொடங்கிய கணக்கின் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் இங்கேயே சேமிக்கப்படும். கூகுளிலும் டிராப்பாக்ஸிலும் நீங்கள் வாங்கும் திட்டத்தில் என்ன நிலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்திய மண்ணில் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு 2025 ஜூலையில் ஒரு பாடம் நடந்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் அதன் மெயிலையும் டீம்ஸையும் நிறுத்திவிட்டது. காசு கட்டிய சேவை, இந்தியக் கம்பெனி, இந்தியச் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. பனியன் ஏற்றுமதிக்காரரை இப்படி யாரும் தடை செய்யப் போவதில்லை என்பது சரிதான். கார்டு காலாவதியாகி சந்தா நின்றுபோவது, அட்மின் பாஸ்வேர்டு வேலையை விட்ட ஐடி பையனோடு போய்விடுவது, இவை நடக்கும். விளைவு ஒன்றுதான், காலையில் ஆபீஸ் திறந்தால் ஃபைல் திறக்காது. அட்மின் கணக்கு இரண்டு பேர் பேரில் இருக்கட்டும், அதில் ஒருவர் முதலாளியாகவே இருக்கட்டும்.

ஆதார் நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் அடையாள அட்டைகள் ஒரு ஃபோல்டரில் இருக்கும். பிஎஃப் வேலைக்காக யாரோ ஒரு கன்சல்டன்டுக்கு "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று ஒருநாள் திறந்து வைத்திருப்பார்கள், அது திறந்தபடியே கிடக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்துவிட்டது. பாதுகாக்கத் தவறியதற்கான அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நாலு சேவையிலும் வெளியாட்களுக்கு லிங்க் தருவதை அட்மின் மொத்தமாக அடைக்கலாம், அல்லது தானாகக் காலாவதியாகும்படி வைக்கலாம். இதைச் செய்ய அரைமணி நேரம் போதும்.

எதை வாங்குவது என்று இன்னும் சொல்லவில்லை. மேலே சொன்ன 12 பேர் ஆபீஸ் முழுக்க எக்ஸெல்லில் ஓடுகிறது என்றால் நான் மைக்ரோசாஃப்ட் பக்கம்தான் சாய்வேன். எக்ஸெல்லுக்கு எப்படியும் பணம் கட்டத்தான் வேண்டும், 93 நாளும் 500 பதிப்பும் கூடவே வருகின்றன. ஷேர்பாயிண்ட் பழகுவதற்குக் கொஞ்சம் முரடு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே மெயில் கூகுளில், வேலை ஷீட்ஸில் என்றால் அங்கேயே இருங்கள், ஷேர்டு டிரைவ் உள்ள திட்டமா என்று மட்டும் பாருங்கள். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், டேட்டா இந்தியாவில் இருக்க வேண்டும், சப்போர்ட்டுக்கு போன் போட்டால் தமிழில் பேச ஆள் கிடைத்தால் நல்லது என்றால் ஜோஹோ. டிராப்பாக்ஸ் டிசைன் ஆட்களுக்கானது. ஃபைலை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து மாறிய துண்டை மட்டும் ஏற்றும் வித்தையை அது தொடக்கத்திலிருந்தே செய்கிறது, ஒன்டிரைவ் பின்னால்தான் கற்றது, கூகுள் அதற்கும் தாமதம். அதற்காகப் பன்னிரண்டு பேருக்கும் டிராப்பாக்ஸ் வாங்குவது வீண் செலவு.

மாற்றும்போது லைன் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் 1 டிபி ஏற, ஒரு நொடி நிற்காமல் போனாலும், 55 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் திங்கட்கிழமை ராத்திரி வரை இழுக்கும். முதலில் மெர்ச்சண்டைசிங் ஃபோல்டரை மட்டும் மாற்றி, மாதச் சந்தாவில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு ஷீட்டை அழித்து, வேறொருவரிடம் மீட்டுத் தரச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வருஷச் சந்தா அப்புறம் கட்டிக்கொள்ளலாம். கணக்கு செக்‌ஷனை மட்டும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் தொட வேண்டாம், ஆடிட் முடியட்டும்.